பொருநைக் கரையில் இரண்டு பந்தி

முதல் நாள்: திருநெல்வேலி ஜங்ஷன்

நெல்லை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனை அடைந்த காலை வேளையில், ஆனி மாதத்துக் காற்று பிளாட்பாரத்துத் தகரக் கூரையைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. இது என் சொந்தச் சீமைதான். ஆனாலும் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போய் முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டதால், ஆட்டோ ஓட்டுநர் என்னை வெளியூர்க்காரனாகவே எண்ணிக்கொண்டு, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். வீரவநல்லூர்ப் பக்கம் என்றேன். "வீரநல்லூர்ப் பக்கம்னா, எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வந்தது. இந்த இரண்டாவது கேள்விக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்பதைப் பிற ஊர் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெயரில் சாதி தெரியாது. தெருப் பெயரில் தெரிந்துவிடும். நேராகக் கேட்பது மரியாதையில்லை என்பதால் தெருவைக் கேட்கிறார்கள். அவர் நல்ல மனிதர், வாடகையிலும் நியாயமாக நடந்துகொண்டார். ஆனாலும் பதில் சொல்லாமல் காற்றைப் பற்றிப் பேசி இறங்கிக்கொண்டேன்.

நான் வந்திருப்பது ஒரு சாப்பாட்டுப் பந்தியைத் தேடி. நூறு ஆண்டுக்கு முன்பு, இங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் உள்ள சேரன்மகாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சோறு பரிமாறப்பட்டது. அந்தச் செய்தி வெளியில் வந்தபோது தமிழ்நாடு காங்கிரஸ் இரண்டுபட்டது. ஈரோட்டு வணிகரும் காங்கிரஸ் ஊழியருமான ஈ.வெ. ராமசாமி அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதற்கான காரணங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. பெரியாரின் வாழ்க்கையை ஈரோட்டிலிருந்தும் வைக்கத்திலிருந்தும் சொல்லியவர்கள் பலர் இருக்கிறார்கள். பொருநை என்னும் தாமிரபரணிக் கரையிலிருந்து அதைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதுதான் இந்த ஐந்து நாள் அலைச்சலின் நோக்கம்.

அவருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு குருகுலத்துக்கு முன்பே தொடங்கியது. 1920இல் மாகாணக் காங்கிரஸ் மாநாடு திருநெல்வேலியில் கூடியபோது, ஒவ்வொரு சாதி, மதத்தாருக்கும் அவரவர் எண்ணிக்கைக்கேற்ப இடம் தரும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவர அவர் முயன்றார். எஸ். சீனிவாச ஐயங்கார் தலைமையில் நடந்த அந்த மாநாட்டில் அது நிறைவேறவில்லை. தஞ்சாவூர், திருப்பூர், சேலம், திருவண்ணாமலை என்று ஆண்டுதோறும் மாநாடு நடந்த ஊர்களுக்கெல்லாம் அதைக் கொண்டு சென்று, ஒவ்வொரு முறையும் தோற்றார். ஈரோடு நகராட்சித் தலைவர் பதவி உட்பட வகித்த பொறுப்புகளையெல்லாம் உதறிவிட்டுக் காங்கிரஸுக்கு வந்தவர், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர் இப்படி ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்தார் என்பதை, அவரை எடுத்தெறிந்து பேசும் சுபாவக்காரராக மட்டும் அறிந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரவு விடுதியில் அவரது இளமைப் பருவத்தைப் பற்றி மறுபடியும் படித்தேன். 1879இல் பிறந்த அந்தச் சிறுவன் பள்ளிக்குப் போகும் வழியில் எந்தெந்தச் சாதியார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். வேண்டுமானால் சைவரான வாத்தியார் வீட்டில் குடிக்கலாம். வாத்தியார் வீட்டிலோ, டம்ளரைத் தரையில் வைத்துத் தூக்கிக் குடிக்கச் சொல்லிவிட்டு, அவன் குடித்த பின் அதில் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். தன் வீட்டார் கீழே என்று சொன்னவர்களிடம் வாங்கிக் குடித்தால் குற்றம். மேலே என்று சொன்னவர்களிடம் குடித்தால் டம்ளரைக் கழுவினார்கள். பையன் தடை செய்யப்பட்ட வீடுகளிலேயே தண்ணீர் குடித்தான், தின்பண்டமும் வாங்கித் தின்றான். அதற்காகக் காலில் விலங்கு மாட்டியும் பார்த்தார்கள்.

பின்னர் 1904இல், தந்தையோடு மனத்தாங்கல் ஏற்பட்டுக் காசிக்குப் போனபோது, பிராமணருக்கு மட்டுமே சோறு போட்ட சத்திரத்து வாசலில் அவர் தள்ளப்பட்டதும், பசி தாளாமல் வெளியே எறியப்பட்ட எச்சில் இலைகளில் மிச்சத்தை எடுத்துத் தின்றதும் அவரது வரலாற்றில் எல்லோரும் அறிந்த பகுதி. அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் தெற்கேயிருந்து போன பிராமணரல்லாத செல்வர். காசு ஒருவருடையது, பந்தி வேறொருவருடையது. சேரன்மகாதேவியில் காங்கிரஸ் பணம் வாங்கிய குருகுலத்தில் தனிப்பந்தி என்று கேள்விப்பட்டபோது அவருக்குக் காசி வாசல் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் நாள்: சேரன்மகாதேவி

செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினேன். டவுன், பேட்டை கடந்ததும் ஜன்னலுக்கு வெளியே வயல் தொடங்கிவிடுகிறது. பெட்டி நிறையப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். கைப்பிடியைப் பற்றி நின்றிருந்த பையன்களின் மணிக்கட்டுகள் என் முகத்துக்கு நேரே வரிசையாக இருந்தன. ஒன்றில் மஞ்சளும் சிவப்பும் முறுக்கிய கயிறு, இன்னொன்றில் பச்சையும் வேறு ஒரு நிறமும் கலந்தது, மூன்றாவதில் ஒன்றுமில்லை. கோயில் கயிறாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனப்பாடம் என்பதால், அந்தக் கைகளை வெறும் கைகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்து நாங்குநேரியில், தலித் மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுத்துவிடவும் அது பரிந்துரைத்தது. கயிறு இன்னும் ரயில் ஏறிப் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

டிக்கெட்டில் சேரன்மகாதேவி, ஊர்க்காரர் வாயில் சேரமாதேவி. நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்து, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் கரை தொட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பெஞ்சில் இருந்தார். குருகுலத்தைப் பற்றிக் கேட்டேன். "அது எங்க தாத்தா காலத்துச் சமாச்சாரம்லா தம்பி," என்றவர், சிறிது நேரம் கழித்து, "ரெண்டு பேருக்குத் தனியாப் போட்டாங்கன்னு அவ்வளவு பெரிய சண்டை. ஊருக்குள்ள தனித்தனியாத்தான போட்டுக்கிட்டு இருந்தோம், அதுக்கு யாரு சண்டை போட்டா?" என்றார். அவர் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் எங்கள் இருவருக்கும் காகிதக் கப்பில் டீ கொடுத்தார். தென் மாவட்டங்களில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் பலர் போராடியதும் வழக்குப் போட்டதும் உண்மை. ஆனால் பல கடைகளில் அந்தச் சிக்கலை முடித்துவைத்தது இந்தக் காகிதக் கப்தான். யாருடைய டம்ளரை யார் கழுவுவது என்ற கேள்வியே எழாமல், குடித்ததும் குப்பைக்குப் போய்விடுகிறது. இதை மாற்றம் என்று சொல்வதா, கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டது என்று சொல்வதா என்று எனக்குத் தெளிவில்லை.

இனி அந்தச் சண்டையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் சாதாரண மனிதரல்லர். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய்ப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரிக்கு வந்து பாரதியோடு இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பெல்லாரிச் சிறையில் கம்பனை ஆராய்ந்தவர். வெள்ளைக்காரன் கல்வி குமாஸ்தாக்களை உண்டாக்குகிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கல்வியும் கைத்தொழிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1922 இறுதியில் அவர் குருகுலத்தைத் தொடங்கினார். தேசியக் கல்விக்காகத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. ஒரு பவுன் தங்கம் இருபது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலத்துப் பணம் அது. அந்தக் கமிட்டியின் பொறுப்பாளர்களில் ஒருவராக அன்று இருந்தவர் பெரியார்.

1924இல் புகார் வெளிவரத் தொடங்கியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்ததாகவும், பிராமணப் பிள்ளைகளுக்கென்று வைத்த தண்ணீரைக் குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டதாகவும், அவன் தந்தையிடம் சொல்ல, அவர் பெரியாரிடம் சொன்னதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த ராமசாமி ரெட்டியார்தான் 1947இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானவர். அந்த ஆண்டே ஆலய நுழைவு உரிமையை மாகாணம் முழுவதற்கும் சட்டமாக்கியது அவரது ஆட்சிதான். ஒரு தண்ணீர்ப் பானைக்கும் ஒரு சட்டத்துக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது வரலாறாகாது. ஆனாலும் அந்தச் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வருகிறது.

ஐயர் தந்த விளக்கம் எளிமையானது. தனியாக உண்பது இரண்டே பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர் அந்த நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள், வாக்குக் கொடுத்தாகிவிட்டது, மற்ற அனைவரும் ஒரே பந்திதான். சேலத்து டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' பத்திரிகையில் இதை விடாமல் எதிர்த்து எழுதினார். பெரியார் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக இரண்டு முறை சிறை சென்றது அதே 1924இல்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த சமஸ்தானத்துத் தெருவுக்காகச் சிறைக்குப் போனவரிடம், தம் கமிட்டியின் பணத்தில் நடக்கும் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? 1925 மார்ச்சில் காந்தியடிகள் தென்னாடு வந்தபோது வழக்கு அவரிடம் போயிற்று. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிமேல் அப்படி யாரையும் சேர்க்கக் கூடாது என்ற சமரசத்தை அவர் சொன்னார். யாருக்கும் அது போதவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவதைத் தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் கைவிட வேண்டும் என்று ஏப்ரல் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். மே 2ஆம் தேதி ஈரோட்டிலிருந்து பெரியாரின் வார இதழான 'குடி அரசு' வெளிவரத் தொடங்கியது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மீண்டும் ஒதுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டுப் போய்விட்டார்.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். நவகைலாயங்களில் ஒன்றான அம்மநாத சுவாமி கோயில் கரையோரம் இருக்கிறது. படியில் உட்கார்ந்து யோசித்தபோது, ஐயர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தனிப்பட்ட முறையில் அவர் சாதி பாராட்டியவரல்லர் என்றே பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் செய்தது இரண்டு குடும்பங்களுக்குக் காட்டிய தாட்சண்யம். ஆனால் பந்தியில் தாட்சண்யம் என்பது ஒரு பக்கமாக மட்டும் விழுவதில்லை. இரண்டு இலைகளைத் தனியே எடுத்து வைத்த மாத்திரத்தில், மீதியுள்ள இலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்தாகிவிடுகிறது. பெரியாரும் நாயுடுவும் எதிர்த்தது அந்த இரண்டு பிள்ளைகளின் சோற்றையல்ல. மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட அந்தப் பெயரை.

மூன்றாம் நாள்: வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்

காருகுறிச்சியைத் தாண்டினால் வீரவநல்லூர். டீக்கடைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இங்கேதான் இருப்பதால், இறங்கி, எங்கள் பழைய வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அதில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். புறவாசல் பக்கம் தொழுவம் இருந்த இடத்தில் கான்கிரீட் அறை எழும்பியிருக்கிறது.

அந்தத் தொழுவத்து வாசலில் எங்கள் ஆச்சி நிற்பாள். மாடு பார்க்க வருகிறவர் உச்சி வெயிலில் வந்து குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்வார். ஆச்சி படிமேல் நின்று, செம்பை மார்பு உயரத்துக்குத் தூக்கி, கயிறு போல மெல்லிய தாரையாகத் தண்ணீரை அந்தக் கைக்குழிக்குள் விடுவாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது, ஒரு சொட்டு செம்பின் மேல் தெறிக்காது. அவர் தலையை அசைத்ததும் தாரை டக்கென்று நிற்கும். ஆறு வயதில் எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது. நானும் வெண்கலச் செம்பை வைத்துக்கொண்டு தம்பியின் கையில் ஊற்றிப் பழகினேன். ஆச்சி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவனுக்கு எதுக்குல இப்படி ஊத்துத? டம்ளர்ல குடு," என்றாள். எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் சேரன்மகாதேவிக் கதையை உற்சாகமாகச் சொல்வார்கள். பிராமணரல்லாத பிள்ளைகளை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அவர்களுக்கு உண்மையான ஆத்திரம் உண்டு. சொல்லி முடித்த பிறகு அதே கூடத்தில், புறவாசலுக்கு வந்தவருக்கு வேறு தட்டில் சோறு போகும். அந்தக் கதையில் தங்களைக் கீழ்ப்பந்தியில் மட்டுமே உட்காரவைத்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். தங்கள் வீட்டில் தாங்கள் மேல்பந்தி என்பது கண்ணில் படவில்லை. ஈரோட்டுச் சிறுவனின் தண்ணீர்க் கதையில் இரண்டு திசையும் இருக்கிறது என்று முதல் நாள் நான் எழுதியதன் காரணம் இதுதான். வாத்தியார் வீட்டில் கழுவப்பட்ட டம்ளரும், தன் வீட்டார் விதித்த தடையும் ஒன்றுதான் என்று அவனுக்குப் பட்டது. பெரியாரின் பெயரை வீட்டுக் கூடத்தில் சொல்லும் எங்களைப் போன்றவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கல்லிடைக்குறிச்சியில் அதிக நேரம் நிற்கவில்லை. குருகுலம் முதலில் இந்த ஊரில் தொடங்கிப் பின்புதான் சேரன்மகாதேவிக்குப் போனது. சாரல் விட்டு விட்டு விழுந்ததால் அப்பளம் காயப்போட்டிருந்த வீட்டில் ஓர் அம்மாள் பாயோடு உள்ளே இழுப்பதும் வெளியே இழுப்பதுமாக இருந்தார். உளுந்து அப்பளம் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்துக்குப் பேருந்து ஏறினேன். பேருந்தில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத தனியார் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது உத்தரவிட்டவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த பெரியாரின் சுயமரியாதை இயக்கத்து முதல் மாகாண மாநாட்டின் தலைவரும் அவரே.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, பிளாஸ்டிக் பாட்டிலை ஒப்படைத்துவிட்டு அகத்தியர் அருவிக்குப் போனேன். அருவிக்குப் பக்கத்தில் மேலே ஏறும் படிகள் கல்யாண தீர்த்தத்துக்குக் கொண்டுபோகின்றன. ஏறி நின்றால், பாறைகளுக்கிடையில் கரும்பச்சையாய் ஆழங்காண முடியாத தண்ணீர். ஓரத்தில் கோடிலிங்கேஸ்வரர் கோயில். எதிரே பாறை விளிம்பில் வழிந்து கீழே அருவியாக விழும் ஆறு. 1925 ஜூன் தொடக்கத்தில், சர்ச்சையின் சூடு ஆறுவதற்கு முன்பு, ஐயர் குருகுலத்துப் பிள்ளைகளோடும் மகள் சுபத்திராவோடும் இங்கே வந்தார். மேலே அணை கட்டப்படாத காலம் அது. மலையில் பெய்தது அப்படியே வந்து சேரும். நீரோட்டத்தைத் தாண்டும்போது சுபத்திரா தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த தந்தையையும் ஆறு கொண்டுபோயிற்று. அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

பாறை நனைந்து வழுக்கியது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பந்திச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மகளின் பின்னால் குதித்த மனிதரை ஒரு சர்ச்சையின் பெயரால் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம் என்பது இந்த இடத்தில் சங்கடமாக இருந்தது. இறங்கும்போது குரங்கு ஒன்று அப்பளக் கட்டில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

நான்காம் நாள்: கடையம்

பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918 இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்தவர் 1920 வரை இங்கே இருந்தார். புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் அணிவித்த மனிதரை அக்ரகாரம் எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே தெருவில் நடந்தேன். பாரதி பூணூலை எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தவர். பெரியார் அது எதற்கு என்று கேட்டவர். பாரதியின் வழி அழகானது, எனக்குப் பிடித்தமானது; ஆனால் மணிக்கட்டில் கயிறு கட்டிய பையன்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, கயிறு கொடுத்துச் சமமாக்கலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. மழை வலுத்ததால் மாலை வண்டியைப் பிடித்து நெல்லைக்குத் திரும்பினேன்.

ஐந்தாம் நாள்: எட்டயபுரம் பக்கம்

1986இல் பிரிக்கப்படும்வரை எட்டயபுரம் உள்ள தூத்துக்குடிப் பகுதியும் திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்தது. இங்கே ஆற்று வளம் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை கரிசல். கூடப் படித்த ஒருவர் எட்டயபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியராக இருக்கிறார். "காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வா, பார்க்கலாம்," என்று அழைத்திருந்தார்.

அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசிக்கொண்டே போனோம். காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது பாரதி பிறந்த எட்டயபுரத்தில். பசிக்குச் சோறு என்றுதான் அதை எல்லோரும் சொல்கிறோம். காமராஜர் 1903இல் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கமுதி மீனாட்சி கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறியது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தரையில் உட்காரவைத்துச் சோறு போட்டார் என்று பார்த்தால், அது பசியாற்றும் திட்டமாக மட்டும் தெரிவதில்லை. சேரன்மகாதேவியில் முடியாமல் போனதை, காங்கிரஸ்காரர் ஒருவரே முப்பது ஆண்டு கழித்து ஊர் ஊராகச் செய்துவைத்தார். இங்கிருந்து தூரமில்லாத ஓட்டப்பிடாரத்தில், அதற்கும் வெகு காலம் முன்பே, வ.உ.சி. கண்பார்வையற்ற ராமையா தேசிகரைச் சாதி பாராமல் தம் வீட்டில் வைத்து உணவளித்ததும், உறவினர் சினந்தபோது மனைவி வள்ளியம்மை தாமே பரிமாறியதும் நினைவுக்கு வந்தன.

"எல்லாம் சரி, ரெண்டாயிரத்து இருபத்து மூணு ஞாபகம் இருக்கா?" என்றார் நண்பர். இருந்தது. காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த புதிதில், இதே வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "பிள்ளைகளுக்கு என்னடே தெரியும்? வீட்டுல சொல்லி அனுப்புததுதான்," என்றார் அவர். ஈரோட்டில் பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவனுக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள்.

பள்ளிக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் தட்டைத் தொடைமேல் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரவா கிச்சடியும் சாம்பாரும். சமையல் செய்யும் அம்மாள் கரண்டியைத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக் கிச்சடியை விழவைத்தார்; கேரட் துண்டு அதிகம் விழுந்த தட்டுக்காரன் பக்கத்துத் தட்டைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் ஒரு தட்டுக் கிடைத்தது. வரிசையின் நடுவில், இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் மஞ்சள் கயிறு இருந்தது. நண்பர் அதைப் பார்த்தார், நான் பார்ப்பதையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தின் மேல் ஒரே ஒரு சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போய் மொண்டு, சிலர் அண்ணாந்தும் சிலர் வாய்வைத்தும் குடித்துவிட்டு அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். கழுவியவர் யாருமில்லை.

பக்கத்துப் பெண் பிள்ளை சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள்.

வீரவநல்லூர் என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"அங்கயும் கிச்சடி போடுவாகளா?" என்றாள்.

போடுவார்கள் என்றேன். தன் சாம்பாரில் கிடந்த பெரிய முருங்கைக்காய்த் துண்டை எடுத்து, தனக்குப் பிடிக்காது என்று சொல்லி, என் தட்டில் வைத்துவிட்டாள்.